ஒரே படகில் இரண்டு எக்கோ சவுண்டர்: தெரிந்துகொண்டு பொருத்துங்கள்

தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள, 119 அடி முழு உயரம் கொண்ட சாத்தனூர் அணையில் பரிசலில் வலை விடுகிறவருக்குக் கைப்பழக்கமே போதும். அதே தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலந்தபின் கதை வேறு. ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுக்கு எக்கோ சவுண்டர்தான் கண். ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டாவதை வாங்குவது நியாயமான யோசனைதான். ஆனால் இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது திரை கெட்டுப்போவது உண்டு.

கருவி ஒலியை அனுப்பி, தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டு வரும் எதிரொலியைக் கேட்கிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். 75 மீட்டர் ஆழம் போய்த் திரும்ப 0.1 வினாடி ஆகும். அதற்குள் பக்கத்துக் கருவி அதே அதிர்வெண்ணில் ஒலி விட்டால், தன் எதிரொலி வந்துவிட்டதாக இது எடுத்துக்கொள்ளும். திரையில் சாய்வான புள்ளிக்கோடுகள் மழைச்சாரல்போல் விழும். அதை மீன் என்று நம்பி வலை இறக்கினால் டீசல் வீண். முகத்துவாரத்து மணல்திட்டில் ஆழம் தப்பாகக் காட்டினால் படகே தரைதட்டும். ஆட்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. அங்கே நுழையும்போது ஒரு கருவியை அணைத்துவிடுவது நல்லது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது. ஒன்றை அணையுங்கள், கோடுகள் மறைந்தால் ஒலிக்குறுக்கீடு. மறையாவிட்டால் இன்ஜினை நிறுத்திப் பாருங்கள். அப்போது மறைந்தால் டைனமோவிலிருந்தோ வயரிங்கிலிருந்தோ வரும் இரைச்சல். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரின் கேபிளை மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும்.

ஒலிக்குறுக்கீடு என்றால் ஒன்றை 50 கிலோஹெர்ட்ஸிலும் மற்றதை 200 கிலோஹெர்ட்ஸிலும் வையுங்கள். முதலாவது ஆழத்துக்கு, இரண்டாவது ஆழம் குறைந்த இடத்தில் நுணுக்கமாகப் பார்க்க. 'சிர்ப்' வகை ஒரே அதிர்வெண்ணில் நிற்காது, ஒரு பட்டையையே துழாவும். இரண்டு கருவிகளின் பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. டிரான்ஸ்டியூசர்களை முடிந்தவரை விலக்கிப் பொருத்துங்கள். குறுக்கீட்டைத் தணிக்கும் அமைப்பு பல கருவிகளின் மெனுவிலேயே இருக்கிறது. அதை அளவோடு கூட்டுங்கள், மிஞ்சினால் சிறு மீனின் எதிரொலியும் போய்விடும்.

"இரண்டும் சேர்ந்து ஓடும்" என்று சொல்லி விற்றுவிட்டு, ஓடாதபோது கடைக்காரர் கைவிரித்தால் நீங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. படகு தொழில்தானே, நீங்கள் நுகர்வோர் இல்லை என்பார்கள். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிய பொருளுக்கு அந்தத் தடை இல்லை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சென்னையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம்: கடலூர்க்காரர் கடலூரில், திருவண்ணாமலைக்காரர் திருவண்ணாமலையில். விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டுகள். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசுங்கள். வாங்கும்போதே கருவியின் மாடலையும் அதிர்வெண்ணையும், இரண்டும் சேர்ந்து ஓடும் என்ற வாக்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கோளாறு வந்தால், இரண்டும் ஓடும்போது ஒன்று, ஒன்றை அணைத்தபின் ஒன்று எனத் திரையைச் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.