கட்டங்கள் காட்டும் இடம்



பெருவெள்ளம் ஒரு சிற்றூரைச் சூழ்ந்துகொண்டது என வைத்துக்கொள்வோம். மேட்டு நிலம் ஒன்றில் முப்பது பேர் ஒதுங்கி நிற்கின்றனர். அவர்களை மீட்க ஹெலிகாப்டர் புறப்படவேண்டும். "ஆற்றங்கரையில் ஓர் ஆலமரம்; அதற்கு அப்பால் உள்ள மேடு" என்று செய்தி அனுப்பினால் போதுமா? கரை நெடுகிலும் ஆலமரங்கள் இருக்கலாம். கரை எது, வயல் எது என்பதே வெள்ளத்தில் விளங்காது. உரிய தேசப்படம் விமானியின் கையில் இருந்து, நாம் ஆறு இலக்கங்களை மட்டும் சொன்னால், அவ்வூரை முன்பின் கண்டிராத அவரும் மேட்டைக் கண்டுபிடித்துவிடுவார். அந்த இலக்கங்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை இன்று பார்ப்போம்.

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உள்ளன அல்லவா? அதைப்போலவே தேசப்படத்தின்மீதும் நெடுக்கிலும் குறுக்கிலும் கோடுகள் இழுக்கப்படுகின்றன. நிலத்தில் 1 கிலோமீட்டர் என்பது படத்தில் 2 சென்டிமீட்டராக வரையப்பட்டிருக்குமானால், 2 சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தைக் குறிக்கும். நெடுக்குக் கோடுகளின் எண்கள் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வளரும். குறுக்குக் கோடுகளின் எண்கள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வளரும்.

நமது மேடு 27-ஆம் நெடுக்குக் கோட்டுக்குக் கிழக்கிலும், 34-ஆம் குறுக்குக் கோட்டுக்கு வடக்கிலும் உள்ள கட்டத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அக்கட்டத்தின் பெயர் 2734. ஆனால் ஒரு சதுர கிலோமீட்டரில் மேட்டை எங்கே தேடுவது? ஆகவே கட்டத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மனத்தால் பத்துப் பங்காக்குகிறோம். ஒரு பங்கு 100 மீட்டர். மேடு, கோட்டிலிருந்து கிழக்கே 6 பங்கும் வடக்கே 3 பங்கும் தள்ளி இருந்தால், அதன் குறியீடு 276343.

இங்கே மறக்கலாகாத விதி ஒன்று உண்டு: கிழக்கு எண் முதலில், வடக்கு எண் பிறகு. 2734 என்பதை ஒருவர் 3427 என்று மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஹெலிகாப்டர் 7 கிலோமீட்டர் கிழக்கேயும், 7 கிலோமீட்டர் தெற்கேயும் விலகிப் போய்விடும். நேர்கோட்டில் அது ஏறக்குறைய 10 கிலோமீட்டர். மேட்டில் நிற்பவர்களோ வானத்தைப் பார்த்தபடி காத்திருப்பார்கள்!

சரி, அந்த "உரிய படம்" எது என்று எப்படித் தெரியும்? அதற்கும் கட்டமே துணை. 1767-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய நில அளவைத் துறை, அட்சரேகைகளையும் தீர்க்கரேகைகளையும் கொண்டு நாட்டையும் அண்டை நிலங்களையும் 4 டிகிரிப் பக்கமுள்ள பெருங்கட்டங்களாகப் பகுத்து எண்ணிட்டது. ஒவ்வொன்றையும் 16 ஆக்கி, ஆங்கில நெடுங்கணக்கின் முதல் 16 எழுத்துகளைச் சூட்டியது. அவற்றையும் 16 ஆக்கி, 1 முதல் 16 வரை எண் கொடுத்தது. புது தில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையைத் தேடுகிறீர்களா? 53 என்னும் பெருங்கட்டம், அதில் எச் என்னும் பகுதி, அதில் இரண்டாம் தாள். மூன்று படிகளில் நாடு நகரமாகச் சுருங்கிவிடுகிறது!

அப்படியானால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கக் கிலோமீட்டர்க் கட்டங்கள் ஏன்? பூமி உருண்டை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிச் செல்கின்றன. பூமத்திய ரேகையில் சுமார் 111 கிலோமீட்டராக உள்ள ஒரு டிகிரி இடைவெளி, தில்லியில் சுமார் 98 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதனால் அவை வகுக்கும் கட்டங்கள் சரியான சதுரங்கள் ஆகா. தூரத்தை அளப்பது கடினம். எனவேதான் படத்தின்மீது சமமான சதுரங்களைத் தனியே வரைகின்றனர்.

இம்முறை பழமையானது, ஆயினும் பயன் குன்றவில்லை. 2025-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை 'டிஜிபின்' என்னும் முகவரிக் குறியீட்டை வெளியிட்டது. நாடு முழுவதையும் அடக்கிய ஒரு சதுரத்தை 16 கட்டங்களாக்கி, ஒவ்வொன்றையும் மீண்டும் 16 ஆக்கி, இவ்வாறு பத்து முறை பகுக்கின்றனர். முடிவில் கிடைப்பது ஏறக்குறைய 4 மீட்டர்ப் பக்கமுள்ள கட்டம். தெருப்பெயரும் கதவிலக்கமும் இல்லாத குடிசைக்கும் பத்து எழுத்தெண்களில் ஒரு முகவரி உண்டு.

நீங்களும் செய்து பாருங்கள். கட்டம் போட்ட தாளில் உங்கள் தெருவை வரைந்து, கோடுகளுக்கு எண் இடுங்கள். கிணறு, பள்ளி, கோயில் ஆகியவற்றின் குறியீடுகளைத் தனித்தாளில் எழுதித் தோழரிடம் கொடுங்கள். அவர் ஒன்றும் கேளாமல் அவற்றைச் சுட்டிக் காட்டினால், உங்கள் படம் சரியான படம்.