பழைய அம்பாசிடருக்குப் புதிய கியர் பாக்ஸ்: கணக்குப் பார்த்து மாற்றுவோம்



நம்மில் பலர் கடை தொடங்கிய காலத்தில் வாங்கிய அம்பாசிடர் காரை இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம். உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-ஆம் ஆண்டோடு இதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஸ்டியரிங்கின் கீழ் கியர் போடும் பழைய 4 கியர் வண்டிகளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. எனவே, 1990களில் வந்த இசுசு எஞ்சின் அம்பாசிடரின் 5 கியர் பெட்டியைப் பொருத்தலாம் என்று மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். பொருத்தலாம். ஆனால் ஒன்றை மாற்றினால், அதற்கு முன்னும் பின்னும் உள்ளதையும் சரிசெய்தாக வேண்டும்.

முதலாவது, எஞ்சின் பக்கம். போல்ட் துளைகள் ஒத்துவராவிட்டால் இடையில் ஒரு பிளேட் செய்து போட வேண்டும். கிளட்ச் பிளேட்டின் நடுப்பற்கள் புதிய பெட்டியின் ஷாப்டோடு பொருந்த வேண்டும்.

இரண்டாவது, புரொப்பல்லர் ஷாப்ட். பெட்டியின் நீளம் மாறினால் இதன் நீளமும் மாறும். லேத் பட்டறையில் வெட்டி ஒட்டியபின் பாலன்ஸ் பார்ப்பது கட்டாயம். எங்கள் மண்டி வண்டிக்கு அந்தக் கூலியை மிச்சம் பிடித்தோம். வேகமெடுத்தால் வண்டியே அதிர்ந்தது. சில வாரத்தில் கிராஸ் பேரிங் போய்விட்டது. மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு செலவு.

மூன்றாவது, ஸ்பீடாமீட்டர். அதை ஓட்டும் பல்சக்கரக் கணக்கு மாறினால் வேகம் தவறாகக் காட்டும்.

பெட்டியையே மாற்றுமுன், தேய்ந்தது பேரிங் மட்டும்தானா என்று பார்த்துவிடுங்கள். பேரிங்கில் எண்தான் அளவு. 6206 என்றால் எந்தக் கம்பெனி ஆனாலும் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ. எண் அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்து வாங்கலாம். அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த வண்டி; பல பாகங்கள் அங்குல அளவில் இருக்கும். கிட்டத்தட்ட ஒத்த மி.மீ. அளவை வாங்கித் தட்டி ஏற்றக் கூடாது.

எஞ்சினையும் மாற்றுவதாக இருந்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி பெறவேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் வேறுபட்டால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் தொகைக்கே சிக்கல் வரலாம்.

கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய பெட்டியை எடைக்குப் போடாதீர்கள். அதிலுள்ள நல்ல பற்சக்கரம் இன்னொரு வணிகரின் வண்டியை ஓடவைக்கும்.