நெருப்பில்லாத அடுப்பின் பக்குவம்

யுத்த காலத்தில் பகை விமானங்களின் வருகையைக் கண்டறிய உதவிய ராடாரின் உயிர்நாடியான மாக்னெட்ரான் குழாய், யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே சமையலறைக்கு வழி தேடிக்கொண்டது. அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் பணிபுரிந்த பெர்சி ஸ்பென்சர், இயங்கிக்கொண்டிருந்த அக்குழாயின் அருகே நின்றபோது தம் சட்டைப்பையிலிருந்த மிட்டாய் இளகிவிட்டதைக் கண்டு காரணத்தை ஆராயப் புகுந்தார் என்பர். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் மைக்ரோவேவ் அடுப்பு ஏறக்குறைய ஆறடி உயரமும் 340 கிலோ எடையும் கொண்டிருந்தது. வீட்டு மேடைக்கு ஏற்ற சிறிய அடுப்பு அமெரிக்கச் சந்தைக்கு 1967இல் வந்தது.

இந்த அடுப்பு பதார்த்தத்தை உள்ளிருந்து வெளியே வேகவைக்கிறது என்ற நம்பிக்கை நம்மிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது, அது சரியன்று. மாக்னெட்ரான் குழாய் எழுப்பும், விநாடிக்கு 245 கோடி முறை அதிரும் மைக்ரோவேவ் அலைகள் உணவிலுள்ள நீரின் அணுத்திரள்களை அலைக்கழித்து உஷ்ணத்தை உண்டாக்குகின்றன என்பது மெய்யே ஆயினும், பெரும்பாலான உணவுகளில் அவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரிதும் தளர்ந்துவிடுவதால், அதற்கும் உள்ளே இருக்கும் பகுதி சுற்றியுள்ள உஷ்ணம் மெல்லப் பரவித்தான் சூடாக வேண்டும். போதாக்குறைக்கு, பெட்டிக்குள் அலைகள் ஓரிடத்தில் வலுத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் நிற்கின்றன. தட்டு சுழல்வது அதற்காகவே. ஆகவே இந்த அடுப்பைக் கையாளுகிறவருக்கு வேண்டிய முதல் குணம் பொறுமை என்பேன்.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த சாம்பாரை ஆழமான கிண்ணத்தில் வைத்து மூன்று நிமிஷம் ஓட்டிவிட்டுப் பாருங்கள்: ஓரத்தில் கொப்புளம் எழும், நடுவிலுள்ள முருங்கைக்காய்த் துண்டு சில்லென்றிருக்கும். அதையே அகன்ற பாத்திரத்தில் பரப்பி, ஆவி வெளியேறச் சிறிது இடைவெளி விட்டு மூடி, பாதியில் எடுத்து அடிவரை கிளறி, மறுபடி வைத்து, அடுப்பு நின்றபின் இரண்டு நிமிஷம் அப்படியே விட்டுவைத்தால் சூடு எங்கும் சமமாகப் படரும். மீந்த உணவு நடுப்பகுதியிலும் 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பது சுகாதார நிபுணர்கள் கூறும் அளவு. பழைய இட்லிக்கு மேலே நீர் தெளித்து, ஈரத்துணி போர்த்தி வைப்பது நலம். ஒரு நிமிஷம் அதிகமானாலும் அது ரப்பர் போல் விறைத்துவிடும்.

சாதத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வடித்த சாதம் நெடுநேரம் வெளியே கிடந்தால் அதில் ஒருவகைக் கிருமி பெருகி விஷப்பொருளை உண்டாக்கக்கூடும். அந்த விஷமோ மறுபடி சூடுபடுத்துவதால் அழிவதில்லை. எனவே மீந்த சாதத்தைத் தாமதமின்றி ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் சேர்த்துவிடுவதே உத்தமம்.

எவர்சில்வர் நமக்கு எவ்வளவு பிரியமானதாயினும் இங்கே உதவாது. உலோகம் அலைகளைத் திருப்பிவிடும், பொறியும் பறக்கும். பொன்விளிம்புப் பீங்கானுக்கும் அதுவே கதி. மெலமைன் தட்டு தானே சூடேறிக் கெடும். தயிர் வந்த டப்பாவையும் ஹோட்டல் பார்சல் டப்பாவையும் மைக்ரோவேவுக்கு ஏற்றவை என்ற குறிப்பில்லாமல் வைக்க வேண்டாம். ஓட்டுடன் முட்டையை வைத்தால் வெடிக்கும். வழவழப்பான கண்ணாடிக் குவளையில் நீரை அதிகநேரம் சூடாக்கினால், கொதிநிலையைத் தாண்டியும் அது அமைதியாகக் கிடந்து, காப்பித் தூளைப் போட்ட கணத்தில் சீறிப் பொங்கிக் கையைச் சுட்டுவிடும். முன்னதாகவே அதில் ஒரு மரக்கரண்டியைப் போட்டுவைப்பது பாதுகாப்பு. குழந்தையின் பால்புட்டியை இதில் ஒருபோதும் வைக்கலாகாது. புட்டி தொடுவதற்கு வெதுவெதுப்பாக இருக்கையில் உள்ளே ஒரு பகுதி மட்டும் நாக்கைப் பொசுக்கும் சூட்டில் இருக்கக்கூடும்.

அலைகள் வெளியே கசியுமோ, அவற்றால் உணவில் கதிரியக்கம் ஏறுமோ என்று அஞ்சுவோர் உண்டு. கதவிலுள்ள உலோக வலையின் துவாரங்கள், சுமார் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள இவ்வலைகளுக்கு வழிவிடாத அளவு சிறியவை. அடுப்பு நின்ற கணமே அலைகளும் ஒழிகின்றன. உணவில் எதுவும் எஞ்சுவதில்லை. கதவு கோணியிருந்தாலோ சரியாக மூடாவிட்டாலோ மாத்திரம், பழுது நீக்கும்வரை உபயோகிக்கக் கூடாது.

தாளிப்பின் மணமும் தோசையின் முறுகலும் இதில் கிட்டா. ஈரம் உள்ளவரை உணவின் சூடு நீரின் கொதிநிலையை ஒட்டியே நிற்பதால் சிவக்காது. ஆனால் அப்பளத்தைத் தனித்தனியே வைத்தால் ஒரு நிமிஷத்துக்குள் எண்ணெயில்லாமல் பொரிந்துவிடும். கருகத் தொடங்கினால் விநாடிகளில் புகைந்துவிடுமாதலால், பொரிந்து முடியும்வரை அடுப்பைவிட்டு அகலாதிருங்கள்.