முடி உதிர்வுக்குப் பயொப்ஸியா? பயப்படாதீர்கள் சகோதரிகளே!



“தலையில் பயொப்ஸி எடுக்க வேண்டும்” என்று டொக்டர் ஒரு சீட்டை எழுதித் தந்தால், நம் வீடுகளில் உடனே எழும் கேள்வி, “அப்படியென்றால் கென்சரா?” என்பதுதான். உம்மா அழுவார். மாமி, “வெளியில் தெரிந்தால் பிள்ளைக்கு மாப்பிள்ளை வராது” என்பார். சீட்டு அலுமாரிக்குள் போய்விடும். ஆறு மாதம் கழித்து வெளியே எடுக்கும்போது, நாணய அளவில் இருந்த வழுக்கை உள்ளங்கை அளவுக்கு வந்திருக்கும்.

நான் வைத்தியன் அல்லன். அரபுக் கல்லூரியில் ஓதி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன். ஆனால் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தாய்மார்கள் இந்த விடயத்தில் கேட்கும் கேள்விகளில் பாதி மார்க்கக் கேள்விகள். “தலையில் தையல் இருக்கும்போது குளிப்பு எப்படி? ஆண் டொக்டருக்கு முடியைக் காட்டலாமா?” என்று கேட்கிறார்கள். இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் பயொப்ஸி என்றால் என்னவென்று விளங்க வேண்டும் அல்லவா?

தலையில் சுமார் ஒரு இலட்சம் முடிகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது வழமை. கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதத்தில், அல்லது பிள்ளை பெற்று மூன்று மாதத்தில், சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். இது புதிய நோயல்ல. நோய்வாய்ப்பட்டு முடியெல்லாம் உதிர்ந்துபோன தன் புது மணமகளான மகளுக்கு வேறு முடியை ஒட்டலாமா என்று ஒரு தாய் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டதையும், நபியவர்கள் அதைத் தடுத்ததையும் அஸ்மா (ரலி) அவர்கள் வாயிலாக புஹாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். இப்படி உதிர்ந்த முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானாக முளைக்கும். இதற்குப் பயொப்ஸி தேவைப்படுவது அரிது. இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் கோளாறு ஆகியவை இரத்தப் பரிசோதனையில் தெரியும். பிள்ளைகளின் தலையில் வரும் படைக்குச் சுரண்டி எடுத்துப் பார்த்தால் போதும். புழுவெட்டை அனுபவமுள்ள டொக்டர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்.

அப்படியானால் யாருக்குத்தான் பயொப்ஸி?

முடி போன இடத்தில் தோல் வழவழப்பாக மினுங்குகிறது, முடித் துவாரங்களே தெரியவில்லை, ஓரங்களில் சிவப்பும் செதிலும் எரிச்சலும் இருக்கின்றன என்றால் டொக்டர் சந்தேகப்படுவது வேறொன்றை. சில நோய்களில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்கி, அந்த இடத்தில் தழும்பை உண்டாக்கிவிடுகிறது. லைக்கன் பிளானோபைலாரிஸ் அதில் ஒன்று. டிஸ்கொயிட் லூப்பஸ் இன்னொன்று. வெயில் பட்டால் அது கூடும். வேர் தழும்பான பிறகு எந்த எண்ணெயும் எந்த மாத்திரையும் அங்கே முடியை முளைக்க வைக்காது. மருந்து செய்வது, மிச்சமிருப்பதைக் காப்பது மட்டுமே. சீட்டை அலுமாரியில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இங்கே தேடப்படுவது பெரும்பாலும் கென்சர் அல்ல. வேர் உயிரோடு இருக்கிறதா, எது அதைத் தாக்குகிறது என்பதே கேள்வி.

இழுவையாலும் முடி போகும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி வருடக் கணக்காகச் சுமக்கும் தோட்டத்துப் பெண்களின் உச்சியைப் பாருங்கள். நம் பெண்கள் முக்காட்டுக்குள் இறுக்கிப் போடும் கொண்டையும் நெற்றியோரத்து முடியை அதேபோல இழுக்கத்தான் செய்கிறது. மறைப்பது கடமை, இறுக்குவது கடமையல்ல. தளர்வாகப் பின்னுங்கள்.

இனி அந்த நாளுக்கு வருவோம். டிக்கோயா கிளங்கன், நுவரெலியா ஆஸ்பத்திரிகளில் காட்டினால், தேவைப்பட்டால் கண்டிக்கு அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் இல்லை. கிளினிக் கொப்பியையும், குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வோஃபரின், குளோபிடோகிரல், அஸ்பிரின் குடிப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பம், ஊசி ஒவ்வாமை, காயம் ஆறினால் தடித்த தழும்பு விழும் இயல்பு ஆகியவற்றையும் மறைக்காதீர்கள். சிங்களமோ ஆங்கிலமோ நன்றாகப் பேசும் ஒருவர் கூட வரட்டும். பாதி விளங்கித் தலையாட்டிவிட்டு வருவது நம்மவர்களின் பழைய வழக்கம்!

டொக்டர் வழுக்கையின் நடுவில் எடுக்கமாட்டார். நோய் இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஓரத்தில், முடி இருக்கும் இடமாகப் பார்த்துத் தெரிவு செய்வார். அந்தச் சிறு இடத்து முடியைக் கத்தரித்து, விறைக்கும் ஊசி போடுவார். வலி என்று சொன்னால் அந்த ஊசிதான்; சில நொடிகள் சுரீரென்று எரியும். மருந்தோடு அட்ரினலின் கலந்திருந்தால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கலாம், பயப்பட வேண்டாம். பிறகு பேனா போன்ற பிடியும், நுனியில் கூரிய வட்ட விளிம்பும் உள்ள கருவியைத் தோலில் வைத்துத் திருகுவார். பிஸ்கட் வெட்டும் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் வழமையாக 4 மில்லிமீற்றர்தான். வேரின் அடி கொழுப்புப் படை வரை இறங்கியிருப்பதால், அதுவரை ஆழமாக எடுக்க வேண்டும். அழுத்தம் தெரியும், வலி தெரியாது. பல வேளைகளில் இரண்டு இடத்தில் எடுப்பார்கள். தலைத்தோலில் இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் இரத்தம் சற்றுக் கூடுதலாக வரும். ஒன்றிரண்டு தையல் போட்டு அழுத்தினால் நின்றுவிடும். எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம் கூட ஆகாது. அன்றே வீட்டுக்கு வரலாம்.

வீட்டில் வலித்தால் பெனடோல் போதும். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டாலும், சீழோ காய்ச்சலோ கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தையல் பிரிக்க ஒன்று முதல் இரண்டு வாரம். அதுவரை காயத்தில் எண்ணெய், மருதோன்றி, மஞ்சள் எதுவும் வேண்டாம். ஹிஜாப் ஊசி அந்த இடத்தில் குத்தாமல், தளர்வான பருத்தித் துணியால் மூடிக்கொள்ளுங்கள். முடிவில் ஒரு சிறு புள்ளித் தழும்பு நிற்கும்; அதில் முடி முளைக்காது. சுற்றியுள்ள முடி அதை மறைத்துவிடும்.

மார்க்கக் கேள்விகளுக்கு வருகிறேன். பெண் டொக்டர் கிடைத்தால் அவரிடமே செல்ல வேண்டும். இல்லையென்றால் ஆண் டொக்டர் தேவையான இடத்தை மட்டும் பார்க்கலாம். மஹ்ரமோ, நம்பிக்கையான பெண்ணோ உடனிருக்க வேண்டும். தாதியை அறையில் நிற்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை.

வுழூ மிக இலகு. ஷாஃபிஈ மத்ஹபில் தலையின் ஒரு சிறு பகுதியை மஸஹ் செய்தாலே பர்ளு நிறைவேறும் என்பதால், காயமில்லாத பக்கத்தைத் தடவுங்கள். கடமையான குளிப்புத்தான் யோசிக்க வேண்டியது. காயத்தில் முதல் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது என்று டொக்டர் சொல்வார். இந்த நேரத்தில் குளிப்பு கடமையானால், நல்ல பகுதிகளைக் கழுவி, கட்டு இருந்தால் அதன்மேல் ஈரக் கையால் தடவி, காயத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டுமா என்பது கட்டின் நிலையைப் பொறுத்து மாறும். உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். முடிந்தால் மாதத் தீட்டின் ஆரம்ப நாட்களில் திகதி எடுத்துக்கொண்டால், குளிப்பதற்குள் காயம் தண்ணீரைத் தாங்கும். முதல்நாள் இரவே தலையை நன்றாகக் கழுவிக்கொள்வதும் நல்லது.

“எப்படியானாலும் தலையில் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும்” என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்தினால் இதைச் சொல்லுங்கள். பிரயாணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. உனக்குச் சலுகை இல்லை என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்து மரணமானார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அவர்கள்தாம் அவரைக் கொன்றார்கள் என்று கடிந்து, தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள். அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது.

நோன்பு நாளில் திகதி விழுந்தாலும் தள்ளிப்போட வேண்டியதில்லை. உணவாக அமையாத ஊசிகள் நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி தீர்மானித்திருக்கிறது.

எடுத்த துண்டு போமலினில் ஊறி ஆய்வுகூடத்துக்குப் போகும். முன்பெல்லாம் நீளவாக்கில் மட்டும் சீவிப் பார்த்தார்கள். அதில் சில வேர்களே கண்ணில் படும். 1984இல் அமெரிக்க வைத்தியர் ஜோன் ஹெடிங்டன் குறுக்குவாக்கில் சீவும் முறையை விளக்கி எழுதியபின், அந்தச் சிறு துண்டிலுள்ள வேர்கள் எல்லாவற்றையும் எண்ண முடிந்தது. எத்தனை வளர்கின்றன, எத்தனை ஓய்வில், எத்தனை மெலிந்துவிட்டன, எத்தனை தழும்பாகிவிட்டன என்பது இதில் தெரியும். இரண்டு துண்டு கேட்பது இரண்டு விதமாகவும் சீவிப் பார்க்க. லூப்பஸ் சந்தேகம் இருந்தால் இன்னொரு துண்டு வேறு சோதனைக்குப் போகும்.

அறிக்கை வர சில வாரங்கள் எடுக்கலாம். அது ஆங்கிலத்தில் இருக்கும். மருந்துக்கடைக்காரரிடம் காட்டி அர்த்தம் கேட்காமல், உங்களைப் பார்த்த டொக்டரிடமே கொண்டு போங்கள். “வேர் மிச்சமிருக்கிறதா? மருந்து எத்தனை மாதம்?” இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். சில வேளை அறிக்கையில் தெளிவான முடிவு இருக்காது, இன்னொரு இடத்தில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அப்போதும் மறுக்காதீர்கள். அறிக்கையின் பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிளினிக்கில் வேறு டொக்டர் இருக்கக்கூடும்.