உள்ளே மடித்து விட்ட துணி

அம்மை வார்த்திருந்த எனக்காக, சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் அழகருக்குத் துருத்தி நீர் பீய்ச்சுவதாக அம்மாச்சி நேர்ந்துகொண்டாள். அதற்கான உடுப்பைத் தைக்கத்தான் மதுரைப் புதுமண்டபத்துக்குள் முதன்முதலாகப் போனேன். எட்டு வயது.

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த உற்சவத்துக்காகத் திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம் அது. நான் பார்த்தபோது அது முழுக்கக் கடைவீதி. ஒரு தூணடியில் நூல்கண்டும் கொக்கியும் பட்டனும். அடுத்த தூணடியில் ஜரிகை, குஞ்சம், சமிக்கி. அதற்கப்பால் வளையல், பாத்திரம், புத்தகம். தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும். உள்ளே குளுகுளுவென்ற கல்தரையில் மெஷின்கள் தடதடக்கும்.

அவர்களில் பலர் முஸ்லிம்கள். அழகர் திருவிழாவுக்கான சல்லடம், கச்சை, தலைப்பாகை, சாமிக்கு வஸ்திரம், தேருக்குத் தொம்பை என்று எல்லாம் அந்தக் கைகளில்தான் உருவாயின. சிவப்புத் துணியை என் தோளில் வைத்து அளந்த பாய், அம்மாச்சியிடம் கேட்டார்: "எத்தனை வருசத்துக்கு நேந்திருக்கீங்க ஆத்தா?"

"மூணு வருசம் பாய்."

அளவை இரண்டு விரற்கடை கூட்டிக் குறித்தார். "பிள்ளை வளரும்ல, உள்ளே மடிச்சு விடுறேன். வருசா வருசம் தையலப் பிரிச்சுக்கங்க." அந்த ஒரே உடுப்பில்தான் மூன்று வருடமும் வைகைக்குப் போனேன்.

2018 பிப்ரவரி 2 அன்று கோயிலின் வீரவசந்தராயர் மண்டபக் கடைகளில் தீப்பற்றியது. கல்லே வெடித்து விழுந்தது. கோயிலில் கடைகள் கூடாது என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. மாநகராட்சி புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்குப் புதுமண்டபக் கடைகளும் மாறின.

போன சித்திரையில் புதுமண்டப வாசலில் நின்று பார்த்தேன். 120-க்கும் மேற்பட்ட தூண்கள். அன்று கடைச் சரக்குகளுக்குப் பின்னால் நான் பார்த்தே இராத திருமலை நாயக்கர், தேவியரோடு கைகூப்பி நிற்கிறார். கல்லுக்கு மூச்சு வந்தது போலிருந்தது. இந்தச் சிற்பங்களுக்காகக் கடைகள் நகர்ந்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் சாமி கும்பிட்டுத் திரும்புகிற கால்கள் தானாக நுழைந்த கடைவீதி, இன்று தேடிப் போகவேண்டிய இடமாகிவிட்டது.

சத்திரத்தில் ஷட்டர் போட்ட சின்னச் சின்ன அறைகள். ஆரி ஊசி, ஃபிரேம், முத்து, ஜர்தோசிக் கம்பி கேட்டுக் கல்லூரிப் பெண்கள் வருகிறார்கள். வீட்டிலிருந்தே ஆரி ஒர்க் ரவிக்கை செய்து விற்கிறவர்கள் அவர்கள். அந்தக் கூட்டம் மனசுக்கு நிறைவாக இருந்தது. அழகர் உடுப்போ ரெடிமேடாகவும் தொங்குகிறது.

பேரனுக்கு உடுப்பு வாங்கத்தான் போயிருந்தேன். தொங்கியதில் ஒன்றைக் கையில் எடுத்தேன். மெஷினில் இருந்த பாய் நிமிர்ந்தார். "எத்தனை வருசத்துக்குண்ணே நேந்திருக்கீங்க?"

எடுத்ததைத் திரும்ப மாட்டினேன். மண்டபத்தைக் காப்பாற்றிய ஊர், இந்தக் கேள்வியையும் காப்பாற்ற வேண்டும். திருவிழா நெருங்கும்போது சத்திரத்துப் படியேறி நாம் அளவு கொடுத்தாலே அது நடக்கும்.

"அஞ்சு வருசம் பாய்" என்றேன். டேப்பை எடுத்துக்கொண்டு பேரனைக் கூப்பிட்டார்.