மத்தியானம் தாண்டினால் இடி

ஒக்டோபரில் ஊவா மலைகளில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்து இடி முழங்கும். ஏன்?

ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவம். தென்மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும், வடகிழக்கு இன்னும் வந்திருக்காது. வெயிலில் சூடாகும் மலைச்சரிவு, கடற்காற்று கொண்டுவரும் ஈரத்தை மேலே தள்ளுகிறது. ஈரக்காற்று குளிர்ந்து இடிமேகமாகத் திரள்கிறது.

ஊவாவில் இடிமழை என்று வளிமண்டலவியல் திணைக்களம் முன்கூட்டியே சொல்லிவிடும். எந்தத் தோட்டத்தில், எத்தனை மில்லிமீட்டர்? அது கடினம். தனி இடிமேகம் சில கிலோமீட்டர் அகலந்தான். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். அதனால் மலையகத்தில் மழைமானிதான் முக்கியம். மண்சரிவைப் பொறுத்தவரை, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும்.

கொஸ்லந்தை மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண் சரிந்து லயன் வீடுகளை மூடியது பிற்பகலில் அல்ல, காலையில். மழைக்கும் மண்சரிவுக்கும் ஒரே நேரக்கணக்கு கிடையாது. ஊறிய நீர் மண்துகள்களின் இடைவெளியை நிரப்பி, அழுத்தத்தால் அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகிறது. முந்திய நாட்களின் மழையும் அதில் சேரும். மீரியபெத்த மலைச்சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லேயே சொல்லியிருந்தது. மண் சரிவதற்கு ஒன்பது ஆண்டு முந்திய எச்சரிக்கை அது. அங்கிருந்தவர்களுக்குப் போவதற்கு வேறு வீடுதான் இருக்கவில்லை.