நகைச்சுவைத் தொழிலும் நாளாந்த ஆங்கிலமும்

ஒரு மொழியின் சொற்கள் அகராதியிலே துயில்கின்றன. மாந்தர்தம் தொழிலிலே விழித்தெழுகின்றன. தச்சனோடு அரைநாள் உரையாடுபவன் கருவிகளின் பெயர்களை மட்டுமன்றி, அளத்தல், அறுத்தல், இழைத்தல், பொருத்துதல் என்னும் வினைகளையும் அவை வழங்கும் முறையோடு அறிந்துகொள்வான். தாய்மொழிக்குப் பொருந்தும் இவ்விதி பிறமொழிக்கும் பொருந்தும். ஆயின், நம் மாணாக்கர் பலர் ஆங்கிலம் பயிலும் முறையோ இதற்கு மாறானது. இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொல், வலப்பக்கத்தில் தமிழ்ப்பொருள் என இரு நிரலாக எழுதி மனனஞ் செய்கின்றனர்.

இதன் விளைவு யாது? 'வட் டூ யூ டூ' என ஒருவர் வினவ, 'நீர் என்ன செய்கிறீர்' எனச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டு, 'நான் நின்றுகொண்டிருக்கிறேன்' என ஆங்கிலத்தில் விடை கூறிய மாணவரைப் பண்டித வகுப்பிலேயே கண்டிருக்கிறேன். வினவியவர் அறிய விரும்பியது அவருடைய தொழில் யாது என்பதை. அம்மாணவர் ஆங்கிலச் சொற்கள் பலவற்றை அறிந்தவர். சொல்லறிவிற் குறைவில்லை, சொல் வழங்கும் சூழலறிவிலேதான் குறை.

ஆதலின், ஒரு தொழில் செய்வார் அத்தொழில் பற்றிப் பேசும் உரையாடல்களைக் கேட்டுப் பயில்வதே நாளாந்த ஆங்கிலத்துக்கு நல்வழி என்பது என் கருத்து. பி. பி. சி. நிறுவனம் வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது 1943 ஆம் ஆண்டில். இன்று உரையாடல்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் தொலைக்காட்சி நகைச்சுவையிலே தொழில் செய்யும் எழுத்தாளரும் நடிகரும் தம் வேலை பற்றிப் பேசுவனவற்றையே நான் மாணவர்க்குப் பெரிதும் பரிந்துரைக்கின்றேன். அவர்கள் பேசுவது தத்துவமன்று. காலையில் எழுதியது, நண்பகலில் ஒத்திகை பார்த்தது, மாலையில் மறந்துபோனது என்பனவே அவர்தம் பேச்சு. அவற்றுக்கு வேண்டுவன எளிய சொற்களே. அவ்வெளிய சொற்களிலேதான் ஆங்கிலத்தின் மருமம் இருக்கின்றது.

சில காட்டுக் காண்போம். 'லைன்' என்றால் கோடு என்பது நம் மாணவர் அறிந்த பொருள். நகைச்சுவை நடிகருக்கோ அது தாம் பேசவேண்டிய வசனம். 'பார்ட்' பகுதி அன்று, வேடம். 'ரன்' ஓடுதல், ஆயின் 'ரன் த்ரூ' என்பது தொடக்கம் முதல் இறுதிவரை நிறுத்தாது நடத்தும் ஒத்திகை. 'ரேக்' எடுத்தல், படப்பிடிப்பில் ஒருமுறை பதிவுசெய்யும் காட்சிக்கு அதுவே பெயராயிற்று. 'டபிள் ரேக்' என்பது ஒன்றைக் கண்டும் கவனியாதவன் போலத் திரும்பி, மறுகணம் திடுக்குற்று மீளவும் நோக்குதல். 'ஃபீட்' உணவூட்டுதல், தோழன் சிரிப்பை விளைத்தற்கு வாய்ப்பாக வசனம் எடுத்துக்கொடுத்தலும் அதுவே. 'ட்ரை' உலர்தல், வசனம் மறந்து மேடையில் நிற்றலையும் அது குறிக்கும். நா வறண்டு நிற்பவனை நினைத்தால் இப்பொருள் மறவாது. 'கோர்ப்ஸ்' பிணம், சிரிக்கலாகாத இடத்தில் நடிகன் தானே சிரித்துவிடுதலுக்கு அத்தொழிலார் இட்ட பெயரும் அதுவாம்!

'சிற்கொம்' என்னுஞ் சொல்லை நம் இலக்கணத்தார் காணின் மரூஉ என மகிழ்வர். 'சிற்றுவேஷன் கொமெடி' என்னும் இரு சொற்களின் தலைகள் இணைந்து அவ்வாறாயின. 'ஸ்லாப்ஸ்ரிக்' என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இத்தாலியப் பழங்கூத்தில் அடிப்பதற்கு ஏந்திய, இரு பலகைகளாலாய கோல் அது. மெல்லத் தட்டினும் பேரொலி எழுப்பும். அடிபட்டவனுக்கோ நோவு சிறிது. அக்கோலின் பெயர் இன்று அடிதடிச் சிரிப்பு முழுமைக்கும் பெயராயிற்று.

சொற்களோடு கதைகளும் வருகின்றன. அமெரிக்காவில் 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பான 'ஐ லவ் லூசி' என்னுந் தொடர், பார்வையாளர் முன்னிலையில் ஒரே வேளையில் மூன்று படக்கருவிகளால் எடுக்கப்பட்டது. அந்த ஐம்பதுகளிலேயே சார்ள்ஸ் டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர், பதிவுசெய்த சிரிப்பொலியை வேண்டுமிடத்திற் சேர்க்கும் பெட்டியொன்றை அமைத்தார். இங்கிலாந்திலே ரே கோல்ற்றன், அலன் சிம்சன் என்னும் இரட்டை எழுத்தாளர் முதன்முதற் சந்தித்தது காசநோய் மருத்துவமனையொன்றில். நோயாளராய்க் கிடந்தவர் நாட்டையே சிரிக்க வைத்தனர். அவர்கள் எழுதிய 'த பிளட் டோனர்' 1961 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டபோது, கார் விபத்திற் சிக்கியிருந்த நடிகர் ரோனி ஹன்கொக் வசனத்தை மனனஞ் செய்ய இயலாது, எழுதிக்காட்டியதைப் பார்த்துப் பேசினார். இக்கதையை ஒரு மாணவர் பத்து எளிய ஆங்கில வாக்கியங்களிற் சொல்லலாம். சொல்லி முடிக்கும்போது 'லைன்' என்னுஞ் சொல் அவர்க்கு உரிமையாகிவிடும்.

இனி, நாம் கருத்தூன்ற வேண்டிய இடத்துக்கு வருவோம். நகைச்சுவையைக் கருவியாகக் கொண்டு மொழி கற்பிக்கப் புகுவார்க்கு ஓர் இடர் உண்டு. மொழியறியாதவனின் தடுமாற்றமே நகைச்சுவைக்குப் பெருமுதலாய் இருக்கின்றது. 1975, 1979 ஆகிய ஆண்டுகளில் பன்னிரண்டே பகுதிகளாக வந்த 'ஃபோல்ற்றி ரவர்ஸ்' தொடரில் மனுவெல் என்ற பணியாள் ஸ்பானியன். தட்டங்களைக் குறித்து விடுதித் தலைவன் 'ஒன் தோஸ் ட்ரேய்ஸ்' என்று சொல்ல, அதனைத் தன் மொழியின் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்களாகவே மனுவெல் கேட்கின்றான். அவ்வேடம் பூண்ட அன்ட்றூ சாக்ஸ், 1930 இல் பேர்லினிற் பிறந்து, சிறுவனாய் 1938 இல் இங்கிலாந்திற் புகலடைந்தவர். ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்றவர். அத்தொடர் ஸ்பெயினுக்குச் சென்றபோது மனுவெல் இத்தாலியனாக மாற்றப்பட்டான்!

'மைன்ட் யுவர் லாங்குவிஜ்' என்னுந் தொடரோ ஆங்கில வகுப்பையே களமாகக் கொண்டது. 1977 இறுதியில் தொடங்கிய அதிற் பல நாட்டு மாணவர் இலண்டன் மாலை வகுப்பொன்றிலே ஆங்கிலம் பயில்வர். சீக்கியராகிய ரஞ்சித் சிங்காக நடித்த அல்பேர்ட் மோசஸ் நம் நாட்டுக் கம்பளையிற் பிறந்தவர். பிற நாட்டாரை அச்சில் வார்த்தாற்போற் காட்டுகிறதென்ற கண்டனம் எழ, 1979 இல் அது நிறுத்தப்பட்டது. 1986 இற் சிறிது காலம் மீண்டும் வந்தது.

இத்தகைய சிரிப்பு நம் மாணவர்க்கு நஞ்சா, மருந்தா? நகைக்கு நிலைக்களன்களை வகுத்த தொல்காப்பியர் எள்ளலை அவற்றுள் ஒன்றாக வைத்தார். பேராசிரியர் தம் உரையில் அவ்வெள்ளலை இருவகையாகப் பகுத்தார்: பிறரைத் தான் எள்ளிச் சிரிப்பது ஒன்று; பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது மற்றொன்று. முதல்வகை நம் நாட்டில் நிரம்ப உண்டு. சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், எனப் பெயரிட்டது வீணன்று. ஒருவன் உச்சரிப்புப் பிழைத்தவுடன் பக்கத்திலிருந்து எழும் சிரிப்பே அவ்வாளின் கூர்முனை. அதற்கு அஞ்சி நேர்முகப் பரீட்சையிலே வாய்மூடி நின்று தொழிலிழந்த பட்டதாரிகளை நான் அறிவேன். அவர்கள் இலக்கணம் அறியாதவர் அல்லர், சிரிப்புக்கு அஞ்சியவர்.

இரண்டாம் வகைச் சிரிப்பே அவ்வச்சத்துக்கு மாற்று. நகைச்சுவைத் தொழிலார் தம் தவறுகளைப் பேசும் பாங்கு அதனைக் கற்பிக்கின்றது. வசனம் மறந்ததையும், கூட்டம் சிரியாது மௌனமாய் இருந்ததையும் அவர் வெட்கமின்றிக் கூறுகின்றனர். தவறுக்கே பெயர் வைத்து, அதைத் தொழிலின் ஒரு கூறாக்கிவிட்டனர். 'ட்ரை' என்னும் பெயருள்ள தவறு எவர்க்கும் நேர்வதொன்றாகும். பெயரற்ற தவறே மானக்கேடாய்த் தோன்றும்.

என் வகுப்பில் இருவரை எழுப்பி, ஒருவரை வினவுவோராகவும் மற்றவரை நகைச்சுவை எழுத்தாளராகவும் இருத்தி, பத்து நிமிடம் ஆங்கிலத்தில் உரையாட விடுவதுண்டு. விதி ஒன்றே: பேசுபவர் சிரித்த பின்னரே கேட்பவர் சிரிக்கலாம். 'ஐ ட்ரைட்' எனத் தாமே சொல்லிச் சிரித்துவிட்டு மீண்டும் தொடங்கும் மாணவியர் சிலரைக் காண்கின்றேன். மனப்பாடம் செய்த நிரல் தராத துணிவை அந்த ஒரு சொல் அவர்க்குத் தந்திருக்கின்றது.

ஆங்கில ஆசிரியர்கள் இம்முறையைத் தம் வகுப்பிற் சோதித்துப் பார்ப்பாராக. தமிழாசிரியனாகிய எனக்கு இதில் என்ன அக்கறை எனச் சிலர் வினவலாம். தன் தாய்மொழியைச் செம்மையாகக் கற்ற மாணவன் மற்றொரு மொழியின் முன் தலைகுனிந்து நிற்பது தமிழுக்கும் பெருமையன்று என்பதே என் விடை.